நிழல் மண்ணாகும் தோட்டம்
ஜப்பானிய மட்சாத் தேயிலையின் வரலாறு

தேநீர் என்னும் சொல்லின் இறுதியில் ‘நீர்’ நிற்பது காரணத்தோடுதான். இலையைக் கொதிநீரில் இட்டு, அதன் சாரத்தை நீரில் இறக்கி, சக்கையைக் களைந்துவிட்டு நீரை மட்டும் பருகுவதே உலகெங்கும் வழங்கும் முறை. ‘தே’ என்று வழங்கும் மொழிகளிலும் சரி, ‘சாயா’ என்று வழங்கும் மொழிகளிலும் சரி, அருந்தப்படுவது இலை கழுவிய நீரேயன்றி இலையன்று. இப்பொது வழக்கிலிருந்து விலகி நிற்பது ஜப்பானியரின் மட்சா. ‘பொடித் தேநீர்’ என்பது அச்சொல்லின் பொருள். நிழலில் வளர்த்த கொழுந்தை ஆவியில் வேகவைத்து, உலர்த்தி, நரம்பு நீக்கி, கருங்கல் திரிகையில் மாவாக அரைத்து, அம்மாவைக் கிண்ணத்தில் இட்டு வெந்நீர் ஊற்றி மூங்கில் துடைப்பத்தால் நுரை எழக் கலக்கிப் பருகுகின்றனர். இங்கே சக்கை என்று ஒன்று இல்லை. இலை முழுவதும் உடலுக்குள் செல்கிறது.

இச்சிறு வேறுபாட்டில் ஒரு பெரிய வரலாறு அடங்கியிருக்கிறது. இலையை முழுதாக உண்பவன் அது விளைந்த மண்ணையும் ஒருவகையில் உண்கிறான். ஆகவே அந்த இலைக்கு நிழல் தந்தவர் யார், உரமிட்டவர் யார், அதன்மீது தெளிக்கப்பட்டது எது என்னும் வினாக்கள் பிற தேநீர்களைக் காட்டிலும் மட்சாவுக்குக் கூடுதலாகப் பொருந்துகின்றன. எண்ணூறு ஆண்டுகளில் மடங்களும் படைத்தலைவர்களும் தேநீர் ஆசான்களும் மாறி மாறி இத்தேயிலையின் காவலர்களாக இருந்துள்ளனர். இன்று அப்பொறுப்பின் பெரும்பகுதி சிறு குடும்பத் தோட்டங்களின் தோள்களில் தங்கியிருக்கிறது. அவற்றுள்ளும் இரசாயனம் தவிர்த்த இயற்கை வேளாண்மையை மேற்கொண்ட தோட்டங்கள் எதை மீட்க முயல்கின்றன என்பதை அறிய வேண்டுமாயின், தொடக்கத்திலிருந்தே பார்த்து வருதல் வேண்டும்.

துறவியர் கொணர்ந்த விதை

ஜப்பானில் தேநீர் பற்றிய தொன்மையான அரச பதிவு 815ஆம் ஆண்டைச் சார்ந்தது. சீனத்தில் முப்பது ஆண்டுகள் வாழ்ந்து திரும்பிய எய்ச்சூ என்னும் பௌத்தத் துறவி, பிவா ஏரிக்கரையில் இருந்த தம் மடத்துக்கு வந்த சாகா பேரரசருக்குத் தம் கையாலேயே தேநீர் வழங்கினார் என்று ‘நிஹோன் கோக்கி’ என்னும் வரலாற்று ஏடு கூறுகிறது. தலைநகரைச் சூழ்ந்த மாநிலங்களில் தேயிலை பயிரிடுமாறு பேரரசர் ஆணையும் பிறப்பித்தார். எனினும் அது கட்டியாக இறுக்கப்பட்டுக் காய்ச்சிப் பருகப்பட்ட தேயிலை. அரண்மனையையும் மடங்களையும் தாண்டி அது பரவவில்லை.

இன்றைய மட்சாவின் நேர் மூதாதை வந்து சேர்ந்தது அதற்கு ஏறக்குறைய நான்கு நூற்றாண்டுகளுக்குப் பிறகு. எய்சாய் (1141–1215) என்னும் துறவி இருமுறை சீனம் சென்று ஜென் நெறியைக் கற்று 1191இல் தாயகம் திரும்பினார். அப்போது அவர் தேயிலை விதைகளையும் கொண்டுவந்து கியூஷு தீவின் மலைப்பகுதியில் ஊன்றினார் என்பது மரபு. சுங் பேரரசின் மடங்களில் தேயிலையைப் பொடித்து, கிண்ணத்தில் இட்டு, துடைப்பத்தால் கலக்கிப் பருகும் வழக்கம் அக்காலத்தில் இருந்தது. அம்முறையையே எய்சாய் தம்முடன் கொணர்ந்தார்.

1211இல் அவர் ‘கிஸ்ஸா யோஜோக்கி’ என்னும் நூலை இயற்றினார். தேநீர் பருகி உடல்நலம் பேணுதல் என்பது அத்தலைப்பின் கருத்து. ஐந்து உள்ளுறுப்புகளுக்கும் ஐந்து சுவைகள் உரியவை என்றும், இதயத்துக்கு உரியது கைப்புச் சுவை என்றும், ஜப்பானியர் உணவில் கைப்பு இல்லாமையால் இதயம் நலிகிறது என்றும், அக்குறையைத் தேநீர் தீர்க்கும் என்றும் அந்நூல் வாதிடுகிறது. சுவையை மருந்தாகக் காணும் இக்கொள்கை, அறுசுவையையும் உடலையும் இணைத்துப் பேசும் தமிழ் மருத்துவ மரபை அறிந்தோருக்குப் புதிதாகத் தோன்றாது. 1214ஆம் ஆண்டு, முன்னிரவு மதுவால் நலங்குன்றியிருந்த ஷோகன் மினாமொத்தோ சனெத்தோமோவுக்கு எய்சாய் ஒரு கிண்ணம் தேநீரையும் இந்நூலையும் சேர்த்து அளித்த செய்தி ‘அஸுமா ககாமி’ என்னும் ஏட்டில் பதிவாகியுள்ளது. ஆக, மட்சா ஜப்பானில் முதலில் அறிமுகமானது சடங்காகவும் அன்று, இன்பப் பொருளாகவும் அன்று, மருந்தாக.

எய்சாய் தந்த விதைகளைக் கியோத்தோவின் வடமேற்கே தொகானோ மலையிலுள்ள கோசான் மடத்தில் மியோஎ (1173–1232) என்னும் துறவி வளர்த்தார். தியானத்தில் உறக்கத்தை வெல்லத் தேநீர் துணை நின்றது. தொகானோவில் விளைந்ததே ‘மெய்த் தேயிலை’ என்றும், பிற இடத்தது ‘அல்லாத தேயிலை’ என்றும் பெயர் பெற்றன. பதினான்காம் நூற்றாண்டில் இவ்வேறுபாட்டை நாவால் கண்டறியும் போட்டிகள் நடைபெற்றன. பந்தயப் பொருளும் மதுவும் நிறைந்த அக்கூட்டங்கள் பெருகவே, 1336ஆம் ஆண்டின் கென்மு சட்டத் தொகுப்பு அவற்றைக் கண்டித்து விலக்கிற்று. துறவியின் மருந்து அதற்குள் செல்வரின் சூதாட்டப் பொருளாகிவிட்டிருந்தது.

இதற்கிடையே பிறப்பிடமான சீனத்தில் ஒரு திருப்பம் நிகழ்ந்தது. உழவர் குடியில் பிறந்து மிங் பேரரசை நிறுவிய ஹோங்வு, குடிமக்களின் உழைப்புச் சுமையைக் குறைக்கக் கருதி 1391இல் கட்டித் தேயிலையைத் திறையாகச் செலுத்தும் முறையை நீக்கினார். உதிரி இலையை நீரில் ஊறவைக்கும் வழக்கம் அங்கே ஓங்கியது. பொடித் தேநீர் மறைந்தது. தாய்நாட்டில் அழிந்த ஒரு கலை கடல் கடந்த தீவில் நிலைபெற்றது. கியோத்தோவில் எய்சாய் நிறுவிய கென்னின் மடத்தில், அவர் பிறந்த நாளை ஒட்டி ஆண்டுதோறும் ஏப்ரல் திங்களில் நிகழும் தேநீர் வழங்கும் சடங்கில் அப்பழைய சுங் முறையின் சாயலை இன்றும் காணலாம்.

உஜியின் நிழல்

கியோத்தோவுக்குத் தெற்கே, பிவா ஏரியிலிருந்து வெளிப்படும் ஆறு மலைகளைக் கடந்து சமவெளியில் இறங்கும் இடத்தில் அமைந்துள்ளது உஜி என்னும் நகரம். முரசாகி சீமாட்டி இயற்றிய ‘கெஞ்சி மொனொகத்தாரி’ புதினத்தின் இறுதிப் பத்து அத்தியாயங்கள் நிகழும் களம் இதுவே. 1053இல் எழுந்த பியோதோ மடத்தின் பீனிக்ஸ் மண்டபமும் இவ்வூரில்தான் இருக்கிறது. ஆற்றின் மூடுபனியும், நீர் வடியும் சரிவு நிலமும், தலைநகரின் அண்மையும் சேர்ந்து உஜியைத் தேயிலைக்கு உரிய நிலமாக்கின. மியோஎ தம் குதிரையை நடத்திச் சென்று, அதன் குளம்படித் தடங்களில் விதையிடுமாறு உஜி உழவர்க்குக் காட்டினார் என்று ஒரு செவிவழிக் கதை வழங்குகிறது. அக்கதையை நினைவூட்டும் கல்லொன்று மன்புகு மடத்தின் வாயிலருகே நிற்கிறது.

ஷோகன் அஷிகாகா யோஷிமிட்சு காலத்தில் உஜியின் ஏழு தோட்டங்கள் சிறப்புத் தகுதி பெற்றன என்பது மரபு. பதினைந்தாம் நூற்றாண்டில் ‘மெய்த் தேயிலை’ என்னும் பெயர் தொகானோவை விட்டு உஜிக்கு இடம்பெயர்ந்தது. அந்த ஏழனுள் இன்று எஞ்சியிருப்பது ஒகு நோ யாமா என்னும் ஒரே தோட்டம். அதனைக் காத்து வருவது ஹொரீ என்னும் உஜிக் குடும்பம். மற்ற ஆறும் வீடுகளுக்கும் வீதிகளுக்கும் அடியில் மறைந்தன.

உஜியின் தனிப்பெரும் கண்டுபிடிப்பு நிழல். 1577இல் ஜப்பான் வந்து 1610 வரை அங்கே தங்கி, அம்மொழியில் பெரும் புலமை பெற்ற போர்த்துக்கீசியப் பாதிரியார் ஜோவாவோ ரொட்ரிகஸ், உஜித் தோட்டங்கள் பந்தலிட்டு மூடப்படுவதைத் தம் நூலில் விவரித்துள்ளார். தளிர் விடும் பருவத்தில் உறைபனி கொழுந்தைக் கருக்கிவிடும். அதைத் தடுக்கவே உழவர் பந்தல் அமைத்தனர். பனியைத் தடுத்த பந்தல் வெயிலையும் தடுத்தது. வெயில் படாத இலை இருண்ட பசுமை பெற்றது. கைப்புக் குறைந்து இனிமை கூடியது. காப்பாக வந்த நிழல் சுவையின் மூலமாக மாறிற்று.

இதன் காரணத்தை அறிவியல் பிற்காலத்தில் விளக்கியது. 1949இல் சக்கத்தோ யாஜிரோ என்னும் ஆய்வாளர் நிழலில் வளர்ந்த தேயிலையிலிருந்து ‘தியனைன்’ என்னும் அமினோ அமிலத்தைப் பிரித்தெடுத்தார். தேயிலைச் செடி இதனை வேரில் ஆக்கி இலைக்கு அனுப்புகிறது. வெயில் பட்டால் இலையில் அது சிதைந்து, துவர்ப்பும் கைப்பும் தரும் கேட்டச்சின்கள் பெருக வழியாகிறது. நிழலில் அம்மாற்றம் தடைப்படுவதால் இனிமை தங்குகிறது. கிடைக்கும் சிற்றொளியைப் பற்றிக்கொள்ள இலை பச்சையத்தைக் கூட்டிக்கொள்வதால் நிறமும் ஆழ்கிறது. உழவர் நாவால் அறிந்து நான்கு நூற்றாண்டுகள் கடைப்பிடித்ததைச் சோதனைச்சாலை எழுத்தில் வடித்தது எனலாம்.

மரபுப் பந்தலின் அமைப்பு குறிப்பிடத்தக்கது. மரத்தூண்களின்மீது மூங்கில் சட்டங்கள் பரப்பி, முதலில் நாணல் தட்டிகளை விரிக்கின்றனர். ஏறத்தாழப் பத்து நாள் கழித்து அத்தட்டிகளின்மீது நெல் வைக்கோலைத் தூவுகின்றனர். ஒளியில் 95 விழுக்காட்டுக்கும் மேல் தடுக்கப்படுகிறது. இருபது நாளுக்கும் கூடுதலான இருளுக்குப் பின் கொழுந்து பறிக்கப்படுகிறது. பருவம் முடிந்ததும் அந்த வைக்கோல் தோட்டத்திலேயே பரப்பப்பட்டு, களையை அடக்கி, ஈரத்தைக் காத்து, மழையில் மக்கி மண்ணோடு கலக்கிறது. ஓராண்டின் நிழல் மறு ஆண்டின் உரமாகிறது. நெல் வயலும் நாணல் படுகையும் தேயிலைத் தோட்டமும் ஒன்றையொன்று தாங்கிய வாழ்க்கை முறையின் சின்னம் அது.

ஷோகனின் சாடிகள்

பதினைந்து, பதினாறாம் நூற்றாண்டுகளில் முராத்தா ஜுகோ, தகெனோ ஜோஒ, சென் நோ ரிக்யூ (1522–1591) ஆகியோர் பொடித் தேநீரை எளிமையின் கலையாக வளர்த்தனர். சூதும் ஆடம்பரமும் நீங்கி, சிறிய குடிலும் கரடுமுரடான கிண்ணமும் அமைதியும் முதன்மை பெற்றன. 1587இல் தொயொதொமி ஹிதெயோஷி கித்தானோ கோயில் வளாகத்தில் நடத்திய பெரும் தேநீர்க் கூட்டத்துக்கு, ஒரு கெண்டியும் கிண்ணமும் கொண்டுவரக்கூடிய உழவரும் அழைக்கப்பெற்றனர். ஆயின் அதே ஹிதெயோஷியின் ஆணையால் நான்கே ஆண்டுகளில் ரிக்யூ தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொள்ள நேர்ந்தது. அதிகாரத்தின் அரவணைப்பு எத்தன்மையது என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டியதில்லை.

தொகுகாவா ஆட்சியில் உஜி நேரடியாக ஷோகனின் தேயிலை நிலமாயிற்று. கன்பயாஷி முதலிய குடும்பங்கள் ஷோகனுக்கும் பேரரசருக்கும் தேயிலை வழங்கும் உரிமை பெற்று, வாள் அணியும் தகுதியுடன் வாழ்ந்தன. பந்தலிட்டு வளர்க்கும் உரிமையும் இவ்வுஜிக் குடும்பங்களுக்கு மட்டுமே உரியதாக இருந்தது. பதினேழாம் நூற்றாண்டின் முற்பகுதியில் முறைப்படுத்தப்பட்ட ‘தேயிலைச் சாடி ஊர்வலம்’ ஆண்டுதோறும் எதோ நகரிலிருந்து உஜிக்கு வெற்றுச் சாடிகளைக் கொணர்ந்து, புதுத் தேயிலை நிரப்பி மீண்டது. சாடி கடந்து செல்கையில் பெருநிலக்கிழாரும் வழிவிட்டு ஒதுங்க வேண்டும். வழிநெடுகிலும் உள்ள ஊரார் சாலையைச் செப்பனிட வேண்டும். விளைநில வேலையை நிறுத்தவும் நேரும். ஊர்வலம் வருகிறது என்றதும் சிறுவர் வீட்டுக்குள் ஓடிக் கதவடைத்துக்கொண்டதைக் குறிப்பது என்று பொருள் கொள்ளப்படும் விளையாட்டுப் பாடல் ஒன்று ஜப்பானியச் சிறாரிடையே இன்றும் வழங்குகிறது. மருந்தாக வந்த இலை, மக்கள் அஞ்சி ஒதுங்கும் அரச சின்னமாக உயர்ந்த காலம் அது.

அந்த நிழலுரிமை இல்லாத உழவர் வாளாவிருக்கவில்லை. உஜிக்கு அண்மையிலுள்ள உஜிதவாராவைச் சேர்ந்த நகதானி சோஎன் 1738இல், திறந்த வெயிலில் வளர்ந்த கொழுந்தை ஆவியில் வேகவைத்து, கையால் உருட்டி உலர்த்தும் முறையைச் செம்மைப்படுத்தினார். ‘சென்ச்சா’ எனப்படும் இலைத் தேநீர் எளிய மக்களின் பானமாகப் பரவிற்று. மட்சா உயர்ந்தோர் கிண்ணத்திலேயே தங்கியது.

காவலர் மறைந்த பின்

1868இல் ஷோகன் ஆட்சி முடிவுற்று மெய்ஜி அரசு அமைந்தபோது, உஜித் தேயிலைக் குடும்பங்கள் ஒரே நாளில் தம் புரவலரை இழந்தன. சாடி ஊர்வலம் அதற்கு முந்தைய ஆண்டோடு நின்றுவிட்டிருந்தது. வாளும் பட்டமும் போயின. பல குடும்பங்கள் தொழிலைக் கைவிட்டன. ஏற்றுமதியில் பட்டுக்கு அடுத்த இடத்தைத் தேயிலை பெற்றிருந்தபோதும், அமெரிக்கா நோக்கிக் கப்பலேறியது பெரும்பாலும் சென்ச்சாவே. மட்சாவின் வாழ்வு தேநீர்க் கலைப் பள்ளிகளையும், பின்னர் பெண்கள் பள்ளிகளில் பாடமாக நுழைந்த தேநீர்ப் பயிற்சியையும் நம்பி நின்றது.

எஞ்சிய குடும்பங்கள் தம் கைத்திறனால் தம்மைக் காத்துக்கொண்டன. தாம் விதையிட்டு வளர்த்த செடிகளுள் சிறந்தவற்றைத் தேர்ந்து பதியனிட்டன. இன்று மட்சாவுக்கு உயர்ந்தவை எனப் போற்றப்படும் ‘அசாஹி’, ‘சமிதொரி’ ஆகிய வகைகள் அரசு நிலையங்களில் அன்றி உஜிக் குடும்பத் தோட்டங்களில் தேர்ந்தெடுக்கப்பட்டவை. அதுவரை கரியடுப்பின்மேல் காகிதத் தட்டில் கையால் உலர்த்தப்பட்ட இலையை, செங்கல் சூளையினுள் நகரும் வலையில் உலர்த்தும் உலையை ஹொரீ சோஜிரோ என்னும் உஜிக்காரர் 1920களில் உருவாக்கினார். இன்றும் மட்சாவுக்கான இலையாகிய ‘தென்ச்சா’ அவ்வகை உலைகளில்தான் பெரிதும் உலர்கிறது.

தென்ச்சாவை மாவாக்குவது கல்திரிகை. பள்ளங்கள் செதுக்கிய கருங்கல் வட்டுகள் இரண்டு மெல்லச் சுழல, ஒரு மணி நேரத்தில் கிடைப்பது ஏறத்தாழ 40 கிராம் மட்டுமே. விரைந்து சுழற்றினால் கல் சூடேறி மணம் கெடும். ஒரு கிண்ணத்துக்கு இரண்டு கிராம் என்று கொண்டால், ஒரு திரிகையின் ஒரு மணி உழைப்பு இருபது பேரின் ஒருவேளைத் தேநீர். இத்தொழிலில் விரைவுக்கு இடமில்லை என்பதை இக்கணக்கே உணர்த்தும்.

மண்ணின் கணக்கு

நிழலில் விளையும் இனிமைக்கு ஒரு விலை உண்டு. தியனைன் என்பது தழைச்சத்தைக் கொண்டு செடி வேரில் கட்டும் பொருள். வெயிலின்றி வாடும் செடி அதனை மிகுதியாக ஆக்க வேண்டுமானால் மண் கொழுமையாக இருத்தல் வேண்டும். பழைய உஜி உழவர் கடுகின வித்துகளின் பிண்ணாக்கையும், காய்ந்த மீனையும், நகர்ப்புறத்துக் கழிவு எருவையும் விலைகொடுத்து வாங்கி இட்டனர். இருபதாம் நூற்றாண்டில் அவ்விடத்தை மூட்டை உரம் பிடித்தது. உரம் மிகுந்தால் சுவை மிகும், சுவை மிகுந்தால் விலை மிகும் என்னும் எண்ணத்தில், ஜப்பானியத் தேயிலைத் தோட்டங்கள் சிலவற்றில் ஆண்டுக்கு ஹெக்டேருக்கு 1,000 கிலோவுக்கும் மேற்பட்ட தழைச்சத்து இடப்பட்ட காலமும் இருந்தது. செடி உறிஞ்சியது போக மிஞ்சியது நைட்ரேட்டாக நிலத்தடி நீரில் இறங்கிற்று. தேயிலை மாவட்டங்களில் ஓடைகளும் கிணறுகளும் மாசுற்ற செய்தி 1990களில் ஆராய்ச்சிப் பொருளாயிற்று. 1999இல் ஜப்பானிய அரசு நைட்ரேட் வகைத் தழைச்சத்துக்கு லிட்டருக்கு 10 மில்லிகிராம் என்ற சுற்றுச்சூழல் வரம்பை நிறுவியது.

பூச்சிமருந்தின் கதையும் இத்தகையதே. தத்துப்பூச்சி, சிலந்திப்பேன், இலைசுருட்டிப் புழு ஆகியவை தேயிலையின் நிலையான பகைவர்கள். கொழுந்து கழுவப்படுவதில்லை; பறித்தவுடன் ஆவிக்குச் செல்கிறது. வடிகட்டும் தேநீரில் இலையோடு நீங்கக்கூடிய எச்சமும் மட்சாவில் கிண்ணத்துக்குள் வந்துசேரும். எய்சாய் மருந்து என்று கொடுத்த பொருளில் நஞ்சின் சாயல் படியலாம் என்ற கவலை இவ்வாறு எழுந்தது.

இக்கவலை தேயிலைக்கு மட்டும் உரியதன்று. 1971இல் இச்சிராகு தெருவோவின் முயற்சியால் ஜப்பான் இயற்கை வேளாண்மைச் சங்கம் தோன்றியது. 1974–75இல் புதின ஆசிரியை அரியோஷி சவாக்கோ நாளிதழில் தொடராக எழுதிய ‘கலப்பு மாசு’ என்னும் படைப்பு, உணவில் கலந்த இரசாயனங்களைப் பற்றி நாடு முழுவதையும் சிந்திக்க வைத்தது. ஓர் எழுத்தாளரின் எழுதுகோல் உழவர் வரலாற்றின் போக்கை மாற்றத் துணைசெய்தமை இலக்கிய அன்பர்கள் எண்ணி மகிழத்தக்கது. 1975இல் வெளியான மசனொபு ஃபுகுவோக்காவின் ‘ஒற்றை வைக்கோல் புரட்சி’ தமிழிலும் பலரால் வாசிக்கப்பட்டு, இங்குள்ள இயற்கை உழவர்க்கு ஊக்கம் தந்ததை நினைவுகூரலாம்.

மூன்று ஆண்டுகள்

1999இல் ஜப்பானிய வேளாண் தரச் சட்டம் திருத்தப்பெற்றது. 2001 ஏப்ரல் முதல் சான்று பெறாத விளைபொருளை ‘இயற்கை வேளாண்மை’ என்று முத்திரையிட்டு விற்க இயலாது. தேயிலை போன்ற பல்லாண்டுப் பயிருக்குரிய விதி, முதல் அறுவடைக்கு முன் குறைந்தது மூன்று ஆண்டுகள் விலக்கப்பட்ட உரமும் மருந்தும் இன்றி நிலத்தைப் பேண வேண்டும் என்பதாகும். சட்டத்தில் ஒரு வரியாக நிற்கும் இம்மூன்று ஆண்டுகள் ஒரு குடும்பத்தின் வாழ்வில் எளிதாகக் கடக்கக் கூடியவை அல்ல. மூட்டை உரத்துக்குப் பழகிய செடி முதலில் சோர்கிறது. விளைச்சல் குறைகிறது. பூச்சி பெருகுகிறது. சிலந்தியும் குளவியும் பொறிவண்டும் திரும்பி வந்து சமநிலை அமையும் வரை காத்திருக்க வேண்டும். அந்நாள்களில் இலைக்குச் சான்றும் இல்லை, சான்றுக்குரிய விலையும் இல்லை.

அண்டைத் தோட்டத்தில் தெளிக்கும் மருந்து காற்றில் வந்து படியாமல் இடைவெளி விட வேண்டும். ஏற்கெனவே சிறிதான நிலம் இதனால் மேலும் சிறுக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாகச் சுவையின் சோதனை உண்டு. பிண்ணாக்கும் மக்கிய புல்லும் தரும் தழைச்சத்து மெல்லவே வேருக்குச் செல்லும். ஆகவே இயற்கை முறை மட்சாவில் அடர்ந்த இனிமை சற்றுக் குறைந்து, தெளிவும் மெல்லிய கைப்பும் முன்நிற்பது பொதுவாகக் காணப்படும் இயல்பு. கொழுத்த இனிமையையே உயர்வின் அளவுகோலாகக் கொண்டு பழகிய சந்தையில் இதனைக் குறை என்பாரும் உளர். ஆனால் எய்சாய் இந்த இலையைப் புகழ்ந்தது அதன் கைப்புக்காகவே என்பதை அவ்வளவுகோல் மறந்துவிடுகிறது.

பழைய உஜி முறையில் இயற்கை வேளாண்மைக்கு உதவும் கூறுகளும் உள்ளன. மிக உயர்ந்த தென்ச்சாவுக்குரிய செடிகள் இயல்பாக உயர விடப்பட்டு, ஆண்டுக்கு ஒரே ஒரு முறை கையால் பறிக்கப்படுகின்றன. பூச்சிகள் பெருகும் கோடைக்கு முன்னரே அறுவடை முடிந்துவிடுகிறது. பின்னர் செடி தாழக் கவாத்து செய்யப்பட்டு, எஞ்சிய ஆண்டு முழுவதும் வலிமை சேர்க்க விடப்படுகிறது. ஷிசுவொகா மாநிலத்தில் தோட்டங்களைச் சுற்றியுள்ள புல்வெளியை இலையுதிர்காலத்தில் அறுத்துச் செடிகளுக்கிடையே பரப்பும் மரபு, உலக முக்கியத்துவம் வாய்ந்த வேளாண் மரபுகளுள் ஒன்றாக 2013இல் ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண்மை நிறுவனத்தால் ஏற்கப்பட்டது. புதுமை என்று கருதப்படும் இயற்கை வேளாண்மை பெரிதும் பழைய அறிவை மீண்டும் நினைவுகூர்தலேயாகும்.

இத்தகைய குடும்பத் தோட்டத்தின் ஆண்டு ஓர் ஒழுங்கில் அமைகிறது. வசந்தத் தொடக்க நாளிலிருந்து எண்பத்தெட்டாம் இரவு, அதாவது மே 2ஆம் நாளை ஒட்டிய காலம், உறைபனி அச்சம் நீங்கும் எல்லையாகக் கருதப்படுகிறது. அதற்கு முன்னரே பந்தல் மூடப்படும். பறிப்பு நாள்களில் உறவினரும் அண்டை அயலாரும் கூடுவர். பகலில் பறித்தது அன்றே வெந்து உலர வேண்டும். கோடையில் களையெடுப்பு, மருந்தில்லாத் தோட்டத்தில் இதுவே மிகக் கடிய வேலை. இலையுதிர்காலத்தில் பிண்ணாக்கு இடுதல். புதுத் தேயிலை கோடை முழுதும் அடைபட்டு முதிர, நவம்பரில் சாடியின் முத்திரை உடைத்துத் தேநீர்க்கலை அன்பர்கள் தம் புத்தாண்டைத் தொடங்குவர்.

புதிய காவலர் யார்?

இருபத்தோராம் நூற்றாண்டில் மட்சாவின் வாழ்வு எதிர்பாராத வகையில் மாறியது. பனிக்கூழ், இனிப்பு, பால் கலந்த பானம் என்று புதுப்புது வடிவங்களில் அது உலகெங்கும் சென்றது. 2010இல் ஏறத்தாழ 1,500 டன்னாக இருந்த ஜப்பானின் தென்ச்சா விளைச்சல் 2023இல் 4,000 டன்னைக் கடந்தது. 2024இல் பசுந்தேயிலை ஏற்றுமதி 36.4 பில்லியன் யென் மதிப்பை எட்டியது. அவ்வாண்டின் இலையுதிர்காலத்தில் உஜியின் பழம்பெரும் கடைகள் சில, ஒருவருக்கு இவ்வளவுதான் என்று அளவு வகுத்து விற்க நேர்ந்தது. 2025 மே மாதம் கியோத்தோ ஏலத்தில் தென்ச்சாவின் சராசரி விலை கிலோவுக்கு 8,235 யென் என்னும் முன்னில்லாத உயரத்தைத் தொட்டது. எச்ச வரம்பில் கண்டிப்புக் காட்டும் ஐரோப்பிய நாடுகளின் தேவை, இயற்கை முறைத் தேயிலைக்குத் தனி மதிப்பைத் தந்தது. 2050ஆம் ஆண்டுக்குள் விளைநிலத்தில் 25 விழுக்காட்டை இயற்கை வேளாண்மைக்குக் கொணர்வது என்னும் இலக்கை ஜப்பானிய அரசு 2021இல் அறிவித்தது.

இவ்வளர்ச்சியின் மறுபக்கம் கவலைக்குரியது. 2000ஆம் ஆண்டில் 53,000க்கும் மேலாக இருந்த தேயிலை உழவர் குடும்பங்கள் 2020இல் ஏறத்தாழ 12,000 ஆகச் சுருங்கின. கொழுந்து பறிக்கும் கைகள் முதுமையடைந்துள்ளன. பிள்ளைகள் நகரங்களுக்குச் சென்றுவிட்டனர். நாணலும் வைக்கோலும் இட்ட பந்தல் அருகி, கறுப்புச் செயற்கைத் துணி அவ்விடத்தைப் பிடித்தது. துணி நிழல் தரும். ஆனால் அது மண்ணாவதில்லை. இன்று நட்ட கன்று முழுப் பயன் தர ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள் செல்லும். உலகத்தின் ஆவல் அதுவரை நீடிக்குமா என்பதை எந்த உழவரும் அறியார். கூடுதலாக விளைவித்து உடனே விற்பதா, குறைவாக விளைவித்து மண்ணைக் காப்பதா என்னும் வினா ஒவ்வொரு குடும்பத்தின் முற்றத்திலும் நிற்கிறது.

வரலாறு இவ்வினாவுக்கு ஒரு குறிப்பைத் தருகிறது. மடம் இத்தேயிலையைக் காத்தபோது அது விழிப்புக்குத் துணையாயிற்று. ஷோகன் காத்தபோது அதிகாரத்தின் அடையாளமாயிற்று. அதிகாரம் வீழ்ந்த நாளில் அதைச் சார்ந்து நின்றவையும் வீழ்ந்தன. இன்று உலகச் சந்தை காவலனாக முன்வந்து நிற்கிறது. ஷோகனின் சாடியைப் போலவே சந்தையின் தேவையும் ஒருநாள் வேறு வழியில் திரும்பக் கூடும். ஆனால் ஏழு தோட்டங்களுள் ஒன்று எஞ்சியது ஆணையாலும் அன்று, விலையாலும் அன்று. ஒரு குடும்பம் அதனை விட்டுக்கொடாமையால். மூன்று ஆண்டு இழப்பைத் தாங்கி, களையைக் கையால் பறித்து, நாணலையும் வைக்கோலையும் ஆண்டுதோறும் மண்ணுக்கே திருப்பித் தரும் தோட்டங்கள், எண்ணூறு ஆண்டுகளுக்கு முன் ஒரு துறவி நீட்டிய கிண்ணத்தின் பொருளை இன்றும் காத்து வருகின்றன. இலையை முழுதாக உண்ணத் தருபவர், மண்ணுக்கும் முழுதாகப் பொறுப்பேற்க வேண்டும் என்பதே அப்பொருள்.